மூடும் பாதி

திறக்கப்பட்ட ஒவ்வொன்றும் மூடப்பட்டே ஆக வேண்டும். இந்த ஒழுங்கின் மேல்தான் நட்சத்திரங்கள் சுழல்கின்றன, நாகரிகங்கள் நிற்கின்றன, மனித மனம் அமைதி கொள்கிறது.

சிற்பி அலுவலகம் முழுவதற்கும் அனுப்பிய சுற்றறிக்கையின் முதல் வரி இது. அவருடைய கீபோர்டில் ஒரு கீ வேலை செய்யவில்லை என்பதுதான் விஷயம். சுற்றறிக்கையில் நட்சத்திரங்கள் இருந்தன, நாகரிகங்கள் இருந்தன. அந்தக் கீ மட்டும் இல்லை.

சிற்பி என்பது பட்டப்பெயர். மென்பொருள் வடிவமைப்பாளர் என்பது அவருடைய பதவி. ஒரு கூட்டத்தில், "நாம வெறும் கோட் எழுதறவங்க இல்ல, நாம எல்லாரும் சிற்பிங்க" என்று அவர் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட, மற்றவர்கள் பெருந்தன்மையாக அந்தப் பட்டத்தை அவர் ஒருவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். அது மரியாதை என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர்கள் செதுக்கிக்கொண்டிருந்தது சலவைக் கடைகளுக்கான பில் போடும் மென்பொருள். சட்டை எத்தனை, போர்வை எத்தனை, எந்தக் கறை போகாது என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று என்பதையெல்லாம் அது கணக்கு வைத்துக்கொள்ளும்.

கீ போன கதை சின்னக் கதை. ஒரு மதியம், காபிக் கோப்பையை முழங்கை தட்டிவிட்டது. கொட்டியது கொஞ்சம்தான், கைக்குட்டையால் துடைத்துவிட்டார். மறுநாள் காலையில் வலது ஓரத்துக் கீ ஒன்று அமுக்கினால் பாதிதான் இறங்கியது. திரையில் ஒன்றும் விழவில்லை. காபியின் சர்க்கரை உள்ளே போய் இறுகிவிட்டது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

வேறு எந்தக் கீயாவது போயிருந்தால் சமாளித்திருப்பார். போனது அடைப்புக்குறியை மூடும் கீ. சதுர அடைப்பின் மூடும் பாதியும் சுருள் அடைப்பின் மூடும் பாதியும் அந்த ஒரே கீயில்தான் குடியிருக்கின்றன. நிரல் எழுதுகிறவனுக்கு அது மூச்சுக்காற்று மாதிரி. திறந்த அடைப்பை மூடாமல் விட்டால் மொத்த நிரலும் படுத்துவிடும். முதல் நாள் முழுக்க, பழைய கோப்பிலிருந்து ஒரு மூடும் அடைப்பை நகலெடுத்து, தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தார். சாயந்திரம் மணிக்கட்டு வலித்தது.

புது கீபோர்டு கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது, அந்த முறையை ஏற்படுத்தியவரே சிற்பிதான். மொட்டை என்று பெயர் எடுத்த பக்கத்து இருக்கைக்காரன் எலுமிச்சை ஜூஸைக் கொட்டி ஒரு மவுஸைக் கெடுத்தபோது, மேசையில் தின்னவும் குடிக்கவும் கூடாது என்று சிற்பி ஒரு சுற்றறிக்கை போட்டார். மீறிக் கெடுத்தவர், என்ன கொட்டினோம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் மெயில் எழுதிவிட்டுத்தான் மாற்றுப் பொருள் வாங்க வேண்டும். "நான் ஜூஸ் கொட்டினேன். இனி கொட்ட மாட்டேன்" என்று மொட்டை எழுதிய மெயிலை சிற்பி இன்றைக்கும் கூட்டங்களில் மேற்கோள் காட்டுவார். மொட்டையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பான். ஆனால் அவன் காத்துக்கொண்டிருக்கிறான் என்பது சிற்பிக்குத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. தலைமை வடிவமைப்பாளர் என்று ஒரு பதவி வரப்போகிறது, அதுவும் அந்த அறையும் சிற்பிக்குத்தான் என்று மேலாளர் கோடி காட்டியிருந்தார். நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதுவரை சிற்பி யோசித்து முடித்துவிட்டார். இந்த நேரத்தில் போய் 'நான் காபி கொட்டினேன்' என்று எழுத முடியுமா?

ஆகவே நிரல் எழுதும் எடிட்டரின் செட்டிங்ஸைத் திறந்தார்.

எடிட்டரில் ஏற்கனவே ஒரு வசதி உண்டு. அடைப்பைத் திறந்தால் மூடும் பாதியை அதுவே போட்டுவிடும். கர்சர் நடுவில் நிற்கும். ஆனால் எல்லா இடத்திலும் போடாது. எழுத்தை ஒட்டித் திறந்தால் பேசாமல் இருந்துவிடும். சிற்பி முதல் வரியை மாற்றினார்: எங்கே திறந்தாலும் மூடு. அடுத்தது, அடைப்புக்குள் இருந்து வெளியே வருவது எப்படி? மற்றவர்கள் மூடும் கீயைத் தட்டுவார்கள். எடிட்டர் தானே போட்ட அடைப்பைத் தாண்டிக் கர்சர் வெளியே வந்துவிடும். சிற்பியிடம் அந்தக் கீ இல்லை. டேப் கீயை அமுக்கினால் வெளியே வரும்படி அமைத்துக்கொண்டார்.

மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. தானாக மூடிய அடைப்பின் முன்னால் பயனரே மூடும் கீயை அமுக்கினால் அதைத் தாண்டிப் போகவா? எப்போதும், சில சமயம், ஒருபோதும் வேண்டாம் என்று மூன்று பதில்கள். சிற்பி மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு, கீயை அமுக்கி, பொறுமையாகச் சோதித்தார். மூன்றிலும் ஒரே மாதிரிதான் இருந்தது: ஒன்றும் நடக்கவில்லை. 'ஒருபோதும் வேண்டாம்' என்பதில் ஒரு மிடுக்கு இருப்பதாகப் பட்டது. அதையே வைத்தார்.

அதற்குப் பிறகு வேலை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒருநாள் மேலாளர் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன சிற்பி, மூடற கீயையே தொட மாட்டேங்கறீங்க?"

சிற்பியின் வாய் வழக்கம்போல அவரை முந்திக்கொண்டது.

"தொடத் தேவையில்லீங்க. திறக்கறது மனுஷன் வேலை. மூடறது மெஷின் வேலை. ரெண்டையும் நாமளே பண்றதாலதான் சிந்தனை சிதறுது."

மேலாளர் நெற்றியைச் சுருக்கினார். பிடித்துப்போனால் அவர் அப்படித்தான் சுருக்குவார்.

"இது பெரிய விஷயமாச்சே. ஏன் நீங்க மட்டும் வெச்சுக்கறீங்க? எல்லாருக்கும் போட்டுடுங்க. ஒரு சுற்றறிக்கையும் எழுதிடுங்க, நல்லா எழுதுவீங்க. மேலிடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிடலாம்." போகத் திரும்பியவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், அந்த பிஸ்கட் விஷயம். நேத்தும் குறைஞ்சிருக்கு."

மேலாளரின் அலமாரியில் ஒரு தகர டப்பா இருந்தது. பச்சை நிறத்தில் பருப்புத் துணுக்குகள் பதித்த பிஸ்தா பிஸ்கட். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் வைப்பதற்காக அவர் எங்கேயோ சொல்லி வரவழைத்தது. கொஞ்ச நாளாக அது தானாகக் குறைந்துகொண்டு வந்தது.

"உங்க சீட்லேர்ந்துதான் என் ரூம் கதவு நல்லா தெரியுது. ஒரு கண்ணு வெச்சுக்குங்க."

"ஒரு கண் என்ன, ரெண்டையும் வெக்கறேன்" என்றார் சிற்பி. "மனுஷங்களுக்கு ஒழுக்கம் போயிடுச்சுங்க."

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சுற்றறிக்கையை மனைவியிடம் வாசித்துக் காட்டினார். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியதால், எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை எழுதியிருப்பதை நம்பாமலே கண்டுபிடித்துவிடுவாள். நாகரிகங்கள் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"காபி கொட்டிடுச்சு, வேற கீபோர்டு குடுங்கன்னு கேக்கறதுக்கு நட்சத்திரத்தை எல்லாம் ஏங்க இழுக்கறீங்க?"

"உனக்கு இது புரியாது. இது ஒரு தத்துவம்."

"எங்க கடையில கீபோர்டு போச்சுன்னா கேப்போம், மறுநாள் வந்துடும். தத்துவம் எல்லாம் வராது." சாதத்தைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "இல்லேன்னா கழட்டி எடுத்துட்டு வாங்க. என் தம்பியோட ரிப்பேர் கடையில குடுத்தா ஒரு நிமிஷத்துல பாத்துடுவான்."

"உன் தம்பிகிட்டயா? அதுக்கு நான் அலுவலகத்துக்கே மெயில் போட்டுடலாம். அவங்களாவது ஊரு பூரா தம்பட்டம் அடிக்க மாட்டாங்க."

"சரி, விடுங்க. உங்க தத்துவத்துல ஒரு சந்தேகம்."

"கேளு."

"திறந்ததை எல்லாம் மூடணும்னு ஊருக்கே எழுதியிருக்கீங்களே, பேஸ்ட்டு மூடி எங்க?"

சிற்பி சாதத்தைப் பிசையத் தொடங்கினார்.

மறுநாள் சிற்பியின் செட்டிங்ஸ் எல்லோருடைய கணினியிலும் ஏறியது. யாராவது தனியாக மாற்றிக்கொண்டாலும், அடுத்த நாள் காலையில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்படி சிற்பி ஏற்பாடு செய்திருந்தார். ஒழுங்கு என்று வந்துவிட்டால் அவர் அரைகுறையாக எதையும் செய்வதில்லை.

மதியத்துக்குள் அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. மற்றவர்களின் விரல்களுக்குப் பழக்கம் போகவில்லை. அடைப்பைத் திறந்தார்கள், எடிட்டர் மூடியது. எழுதி முடித்ததும் கை தன்பாட்டில் போய் மூடும் கீயைத் தட்டியது. எடிட்டர் தாண்டிப் போகாமல் இன்னொன்றையும் போட்டது. ஒரு திறப்புக்கு இரண்டு மூடல். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரும்போது அவருடைய பங்கும் சேர்ந்துகொண்டது. சலவைக் கடை மென்பொருள் ஒரு சட்டைக்குக்கூடப் பில் போட முடியாமல் படுத்தது. அந்த வாரக் கடைசியில் புதிய பதிப்பு கடைகளுக்குப் போயாக வேண்டும்.

முதலில் வந்தவள் பூதக்கண்ணாடி. மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. அதைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்வாள் என்பதால் அந்தப் பெயர்.

"சிற்பி சார், உங்க செட்டிங்ஸ் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டா மூடுது."

"என் மெஷின்ல ஒழுங்காதானே ஓடுது?"

"எங்க மெஷின்ல ஓடலியே."

"அப்ப மெஷின் மேல தப்பு இல்ல. விரல் மேல தப்பு." சிற்பி நாற்காலியில் சாய்ந்தார். "மூடற கீயை ஏன் அமுக்கறீங்க? அறிக்கையில தெளிவா எழுதியிருக்கேனே, மூடறது மெஷின் வேலைன்னு."

மொட்டை பக்கத்திலிருந்து தலையை நீட்டினான். "அண்ணே, எனக்கு இது பதினஞ்சு வருஷப் பழக்கம். கை தானா போகுது. கட்டியா போட முடியும்?"

"பயிற்சி குடுக்கலாம்."

"கைக்கா?"

"விரலுக்கு. விரல் ஒழுக்கம்னு ஒரு வகுப்பு எடுக்கலாம்னு இருக்கேன்."

"எடுங்கண்ணே. ஜூஸ் கொட்டாம பிடிக்கறதையும் அதுலயே சேத்துடுங்க" என்றான் மொட்டை.

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. அவள் சிற்பியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிற்பி அவற்றை மடியில் வைத்துக்கொண்டார்.

விரல் ஒழுக்க வகுப்பு உண்மையாகவே நடந்தது. எல்லோரும் வலது சுண்டுவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது பாடம். தூரத்திலிருந்து பார்த்தால், ஒரு கூட்டமே விலை உயர்ந்த கோப்பையில் எதையோ குடிப்பதுபோல இருந்தது. மறுநாள் மூடல்கள் கொஞ்சம் குறைந்தன. தட்டச்சுப் பிழைகள் அதைவிட அதிகமாயின.

வாரக் கடைசி வந்தது, மென்பொருள் எழுந்திருக்கவில்லை. மேலாளர் தன் அறையிலிருந்து நேராக சிற்பியின் மேசைக்கு வந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்து வட்டம் கட்டி நின்றார்கள்.

"சிற்பி, இவங்க உங்க செட்டிங்ஸ்தான் தப்புங்கறாங்க. நீங்க இவங்கதான் தப்புங்கறீங்க. சாயந்திரத்துக்குள்ள கடைங்களுக்கு அனுப்பியாகணும். எனக்கு ஒரு முடிவு தெரியணும்."

மேலாளரின் கையில் ஒரு சாவி இருந்தது. கண்ணாடி அறையின் சாவி. அதைக் கொடுக்கத்தான் எடுத்து வந்திருந்தாரா, கையில் உருட்டிக்கொண்டிருக்க ஏதாவது வேண்டியிருந்ததா என்று தெரியவில்லை. சிற்பியால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"மாற்றம்னு வந்தா முதல்ல எதிர்ப்பு இருக்கத்தாங்க செய்யும்" என்று தொடங்கினார். "முதல் சக்கரத்தை உருட்டினவனையும்..."

"சக்கரம் இருக்கட்டும் சார்" என்றாள் பூதக்கண்ணாடி. "ஒரு அடைப்பைத் திறங்க. அது தானா மூடும். அப்புறம் ஒரே ஒரு தடவ நீங்களே அந்த மூடற கீயை அமுக்குங்க. ரெண்டு வருதா, ஒண்ணு வருதான்னு எல்லாரும் பாத்துடுவோம்."

"அமுக்கக் கூடாதுங்கறதுதான் கொள்கையே!"

"கொள்கைக்கு ஒண்ணும் ஆகாது. அமுக்குங்க சிற்பி" என்றார் மேலாளர்.

சிற்பி சுருள் அடைப்பைத் திறந்தார். எடிட்டர் மூடியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. சுண்டுவிரலை நீட்டி, உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்து, சாவியை ஒருமுறை பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

திரையில் ஒன்றும் விழவில்லை. போட்ட ஜோடி போட்டபடி நின்றது.

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா! ரெண்டாவது வரவே இல்ல!" அவர் நெற்றி சுருங்கியது. "அந்தக் கீயையே செயல்படாம பண்ணியிருக்கார்யா! தேவையில்லாததை அடியோட எடுத்துட்டார். இதுதான் வடிவமைப்பு. நீங்க எல்லாம் குறை சொல்லத்தான் லாயக்கு."

சிற்பி கண்ணைத் திறந்தார். தலை தப்பியது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவருடைய வாய் தானாக மூடிக்கொள்ளும்படி யாரும் அமைத்து வைத்திருக்கவில்லை.

"சொல்லிக்க வேண்டாம்னுதான் இருந்தேன்" என்றார் அடக்கமாக. "ரொம்ப நாள் யோசிச்சுப் பண்ணது. ஒரு கீயைத் துறக்கறதுன்னா சும்மாவா?"

மேலாளர் சாவியை நீட்டினார். சிற்பியின் கை எழுந்தது.

"அப்ப அந்த செட்டிங்கையும் எங்களுக்கு அனுப்பிடுங்கண்ணே" என்றான் மொட்டை. "அது வராததாலதானே இவ்வளவு ரகளை?"

"அனுப்பறேன், அனுப்பறேன்."

"இல்லாததை எப்படி அனுப்புவீங்க?" என்றாள் பூதக்கண்ணாடி. "உங்க செட்டிங்ஸை வரி வரியா படிச்சேன் சார். கீயை நிறுத்தற மாதிரி அதுல ஒரு வரியும் இல்ல." அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து அவளே அந்தக் கீயை அமுக்கினாள். "பாதிதான் இறங்குது. உள்ள என்னமோ இருக்கு."

கீபோர்டைத் தூக்கினாள்.

"நான் காபி எதுவும் கொட்டல!" என்றார் சிற்பி.

காபி என்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. மொட்டையின் முகம் மெல்ல மலர்ந்தது. பூதக்கண்ணாடி கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் உள்ளங்கையால் நன்றாக ஒரு தட்டு தட்டினாள். மேசைமேல் அச்சிட்டு வைத்திருந்த சுற்றறிக்கையின் மேல், நட்சத்திரங்கள் இருந்த வரிக்குப் பக்கத்தில், ஒரு துணுக்கு வந்து விழுந்தது.

அவள் கீபோர்டைத் திருப்பி வைத்து அமுக்கினாள். கீ முழுசாக இறங்கியது. போட்ட ஜோடியின் வால்பக்கம் இன்னொரு மூடும் அடைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை அமுக்கினாள், இன்னொன்று. காபிக்கும் அந்தக் கீக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்திருக்கவில்லை.

"ரெண்டு ரெண்டா மூடுது" என்று மறுபடி சொன்னாள், வேலை முடிந்தவள்போல. "மூணாவது வரியை மாத்தினா போதும். நான் மாத்திடறேன், சாயந்திரம் அனுப்பிடலாம்."

"அண்ணே," என்றான் மொட்டை, குரலில் தேன் வழிய, "எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடுங்க. என்னோடதைப் பாத்து எழுதிக்கலாம், ஜூஸ்னு இருக்கற இடத்துல மட்டும் மாத்தினா போதும்."

"காபியால இல்லன்னு நிரூபணம் ஆயிடுச்சே!" என்றார் சிற்பி. "இது எதுவோ தூசி. தூசிக்கு மெயில் எழுதணும்னு எந்தச் சுற்றறிக்கையும் இல்ல."

நீட்டிய சாவி இன்னும் மேலாளர் கையிலேயே இருந்தது. மற்ற கையால் அந்தத் துணுக்கை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

துணுக்கு பச்சையாக இருந்தது. பிஸ்தா பிஸ்கட் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு டப்பாவில்தான் இருந்தது.